ஒரு பூட்டுக்கு ஒன்பது சாவி

கடை ஷட்டருக்குப் பூட்டு ஒன்றுதான். சமையலறைச் சுவரில் அடித்திருந்த ஆணியில் அதற்கு ஒன்பது மாற்றுச் சாவிகள் தொங்கின.

வருஷத்துக்கு ஒரு முறை, விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கிற வாரத்தில், அம்மா கடைத்தெருக் கோடிக்குப் போய் ஒரு மாற்றுச் சாவி அடித்துக்கொண்டு வருவாள். இருக்கிற சாவி எதுவும் தொலைந்ததில்லை, வளைந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "தொலைஞ்சா என்ன பண்றது?" என்பாள்.

"கையில இருக்கறது தொலைஞ்சா மிச்சம் ஒன்பது இருக்கே," என்பார் அப்பா. "பேசாம ஒண்ணை வாசல்லயே மாட்டி வெச்சிடு. திருடன் வந்தா பாவம், பூட்டை உடைச்சுக் கை நோகாம இருக்கும்."

அம்மா சிரிக்க மாட்டாள். மற்ற எல்லாவற்றிலும் எறும்புபோல் சேர்ப்பவள் அவள். பென்சில் நகக்கண் அளவுக்குத் தேயும்வரை விடமாட்டாள். ஒரு பக்கம் அச்சாகிப் பாழான தாளின் மறுபக்கத்தில்தான் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுவாள். அப்படிப்பட்டவள் சாவி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்று மகள் வருஷாவருஷம் கவனித்தாள். ஒரு தடவைகூட அழுத்திக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவளுக்குக் கேள்வி கேட்பதுதான் பிழைப்பு. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற நிறுவனம் ஒன்றில், எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று கேள்வித்தாள் தயாரிக்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது ஒரு கதை. அம்மா முதலில் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்குகிற வேலையில் இருந்தாள். அங்கே எழுத்து அடிப்பவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று கற்றுக்கொண்டாள். பிறகு ஏதோ ஓர் அலுவலகத்தை மூடியபோது கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை ஜெராக்ஸ் கடைக்கும் ஃபிரேம் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கில் வைத்து டி.டி.பி. கடை என்று பலகை மாட்டினாள். வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். உயரமானவர்கள் வந்தால் படிக்கட்டின் அடிப்பாகத்தில் தலை இடிக்கும். "குனிஞ்சு வாங்க," என்பதே அந்தக் கடையின் வரவேற்பு.

அந்த மெஷினோடு ஒரு மென்பொருளும் வந்தது. மற்றக் கடைகளில் கணக்குக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, பக்கம் வடிவமைக்க இன்னொன்று என்று வைத்திருப்பார்கள். இதில் எல்லாம் ஒன்றிலேயே. வெறும் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, எண் என்று சொன்னால் அது கணக்குத்தாள் ஆகும். தானே கூட்டிக் கழிக்கும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வரைந்து, எழுத்து என்று சொன்னால் அதில் வாக்கியம் ஓடும். இரண்டையும் பிணைத்து, ஆளுக்கு ஒரு கடிதமாக அச்சிடவும் செய்யும்.

"ஒரே கொடியில சட்டையும் பாவாடையும் காயற மாதிரி," என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். "எழுத்துக்கு ஒரு கடை, எண்ணுக்கு ஒரு கடைன்னு ஏறி இறங்க எனக்கு நேரம் ஏது?"

எந்த வேலை வந்தாலும் கட்டம் போட்டுவிடுவாள். விலைப்பட்டியலுக்குக் கட்டம், சரி. 'வீடு வாடகைக்கு' என்ற அறிவிப்புக்கும் கட்டம். தெருவில் அவளுக்குக் கட்டம் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தபோது அந்த வேலை வந்தது. பெண்கள் பள்ளி, மகளும் அங்கேதான் படித்தாள். அவளுடைய வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: மாணவியின் பெயர், மதிப்பெண்கள், கீழே வகுப்பாசிரியையின் கருத்து இரண்டு வரி. அச்சான கடிதங்களில் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுப் பள்ளியின் வட்ட முத்திரையைக் குத்தி உறையில் போட்டு அனுப்புவார்.

பெயரும் மதிப்பெண்ணும் கொண்ட பட்டியல் வந்துவிட்டது. கருத்துகளைச் சொல்ல வகுப்பாசிரியையே நோட்டுப் புத்தகத்தோடு வந்து, தலை குனிந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணும் இதுல இருக்கா. அதனால பேரும் சொல்ல மாட்டேன், நம்பரும் சொல்ல மாட்டேன். மத்த பிள்ளைங்க விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டாம் பாருங்க. வருகைப் பதிவு வரிசையிலேயே சொல்றேன், நீங்க அடிச்சுக்கிட்டே போங்க."

"அதான் டீச்சர் நல்லது," என்றாள் அம்மா.

அப்படியே இடப்பக்கம் கணக்குத்தாளில் நாற்பத்து மூன்று பெயர்கள், மதிப்பெண்களோடு. வலப்பக்கம் எழுத்துக் கட்டத்தில், யாருடையது என்று தெரியாமல், நாற்பத்து மூன்று கருத்துகள். இரண்டும் வரிக்கு வரி பொருந்தி நின்றன. மறுநாள் தலைமையாசிரியை போன் செய்து, பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் உறை போடச் சுலபம் என்றார். அம்மா பெயர்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினாள். இடப்பக்கம் சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல் ஒரு நொடியில் மாறி நின்றது.

வலப்பக்கம் அசையவில்லை. கொடி ஒன்றானாலும் துணி இரண்டுதானே; சட்டையை நகர்த்தினால் பாவாடை கூட வருமா?

அம்மா அதைப் பார்க்கவில்லை. அவளுடைய தொழில் கண் வேறு மாதிரி. எழுத்து வெட்டுப்படாமல் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். தன் மகளின் கடிதம் பிரிண்டரிலிருந்து வந்தபோது மட்டும் அதைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தாள்.

'இவளுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது. தயவுசெய்து மேலே படிக்க வையுங்கள்.'

அதைப் படித்தவுடன் பிரிண்டரை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். காரணம் உண்டு. மகளின் படிப்பு அந்த வருஷத்தோடு முடிவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பாவின் தங்கை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே ஓர் இடம் பேசி வைத்திருந்தாள். அப்பா கெட்டவர் இல்லை. "நாலு எழுத்து தெரிஞ்சாச்சு, போதும். மேல படிச்சவன் எல்லாம் என்ன வானத்தையா வளைச்சுட்டான்?" என்பார், அவ்வளவுதான்.

கடிதம் வீட்டுக்கு வந்தது. அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு யாரையும் படிக்கச் சொல்லவில்லை. தாமே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தார். 'தயவுசெய்து' என்ற இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி படித்தார்.

"என்னைப் பாத்து ஒரு டீச்சர் தயவுசெய்துன்னு எழுதியிருக்காங்க," என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

மகளுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. வகுப்பில் அவள் ஒரு நாளும் எழுந்து கேள்வி கேட்டதில்லை. கேட்பவள் வேறொருத்தி, கடைத்தெருக் கோடியில் சாவி அடிப்பவரின் மகள். "கடலுக்கு ஏன் டீச்சர் நீலம் அடிச்சிருக்கு? தண்ணிக்குத்தான் நிறமே இல்லையே?" என்று வரைபடத்தைக் காட்டிக் கேட்டு வகுப்பையே நிறுத்தியவள். ஆனாலும் டீச்சர் எழுதியிருக்கிறார், முத்திரை குத்தியிருக்கிறது. தன் மனசுக்குள் ஓடுகிற கேள்விகளை டீச்சர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று மகள் நம்பினாள். அந்த வாரமே முதல் முறையாக எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஃபிரேம் கடைக்காரர் தம் மகளின் கடிதத்தை ஆட்டிக்கொண்டு அம்மாவின் கடைக்குள் குனிந்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர்.

"அக்கா, இந்தக் கூத்தைப் படிங்க! என் பொண்ணு வகுப்புல வாயே திறக்கறதில்லையாம். பேசப் பழக்கணுமாம். வீட்டுல அதை மூட வைக்கறதுக்கு நான் ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்!"

ஜெராக்ஸ் கடைத் தம்பி சிரித்தான். அம்மாவும் சிரித்தாள், ஒரு நொடி பிந்தி. அவர் போனதும் ஃபைலைத் திறந்தாள். பெயர்களைப் பழைய வருகைப் பதிவு வரிசைக்கு மாற்றினாள். இடப்பக்கம் குலுங்கி நின்றது. ரேடியோவுக்கு நேராக, 'ஓயாமல் பேசுகிறாள்' என்று வந்தது. மகளுக்கு நேராக வந்தது இது: 'கையெழுத்து அழகு. சொன்னதைச் செய்வாள்.'

கேள்வி கேட்கத் தெரிந்தவள் சாவிக்காரர் மகள். இருவர் வரியும் ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தன.

அம்மா அப்போதே சரியான வரிசையில் நாற்பத்து மூன்று கடிதங்களையும் மறுபடி அச்சடித்தாள். பையில் போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியையிடம் சொல்லி, புது முத்திரை வாங்கிவிட வேண்டும் என்று செருப்பை மாட்டினாள். அந்தச் சமயம் பார்த்து அப்பா வந்து நின்றார், மதியச் சாப்பாட்டு நேரத்தில், உடம்பெல்லாம் சாக்குத் தூசியோடு. சட்டைப் பையிலிருந்து கடிதத்தையும், அதன் பின்னால் மடித்து வைத்திருந்த இன்னொரு தாளையும் எடுத்தார். கல்லூரி விண்ணப்பம்.

"வரிசையில நின்னு வாங்கினேன். இதை எப்படி நிரப்பறதுன்னு பாரு. கட்டம் கட்டமா இருக்கு. உனக்குத்தான் சரிப்படும்."

அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். சாவிக்காரர் மகளுக்கு மட்டும் சரியான கடிதத்தைக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தாள். முத்திரை இல்லாத தாளை யார் மதிப்பார்கள்? முத்திரை வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் புதுக் கடிதம் போகும்; அதில் ஒன்று தன் வீட்டுக்கும் வரும். பை வீட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. மற்ற வீடுகளிலிருந்தும் யாரும் பள்ளியில் போய்க் கேட்கவில்லை.

இதெல்லாம் மகளுக்கு ஒன்பது வருஷம் தெரியாது.

தெரிந்தது இந்த வருஷம்தான். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது. வீடு மாடியில்; படி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். கடையை ஒழிக்க முடிவானது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்ற உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ," என்றாள் அம்மா போனில். "பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் திறக்காதே. அழிச்சிடு."

திறக்காதே என்றால் திறக்காமல் இருக்க அவள் என்ன பூட்டா? திறந்தாள். இடப்பக்கம் பெயர்கள் வருகைப் பதிவு வரிசையில். தன் பெயரைத் தேடி, விரலை வலப்பக்கம் நகர்த்தினாள். விரல் வேறொரு வரியில் போய் நின்றது. இரண்டு முறை, மூன்று முறை நகர்த்திப் பார்த்தாள். பிறகு பெயர்களை அகர வரிசைக்கு மாற்றினாள். ஒன்பது வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்த வாக்கியம் ஓடி வந்து பக்கத்தில் நின்றது. மறுபடி பழைய வரிசை; போய்விட்டது. கல்லூரியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தது, கை தூக்கியது, இப்போது மாதச் சம்பளம் வாங்குவது எல்லாம் ஒரு பொத்தானில் வந்து ஒரு பொத்தானில் போகிறதா என்று அவள் அந்த இடுக்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"திறந்துட்டியா?"

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"ஃபிரேம் கடைக்காரர் வந்து சிரிச்சாரே, அன்னிக்கே."

"அப்போ எனக்கு எழுதினது..."

"கையெழுத்து அழகுன்னு எழுதியிருந்தாங்க. அது பொய்யில்லையே."

"சொன்னதைச் செய்வாளாம்."

"அது சுத்தப் பொய்," என்றாள் அம்மா. "என்னிக்கு நீ சொன்னதைச் செஞ்சே? அந்த ஃபைலைத் திறக்காதேன்னு இப்பத்தானே சொன்னேன்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மகளின் கண் சமையலறைச் சுவருக்குப் போனது.

"அந்தச் சாவி எல்லாம் எதுக்கும்மா?"

"சொல்லிடணும்னுதான் போவேன். பள்ளிக்கூடம் திறக்கற வாரம் வந்தாலே நெஞ்சு அரிக்கும். அங்க போய் நின்னா அந்தப் பொண்ணு நிமிர்ந்து பாத்து, 'என்னக்கா வேணும்'னு கேக்கும். அப்போ வாய்ல வர்றது சாவிதான்."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நீ செஞ்ச தப்பா அது? நான் செஞ்சேன். நான்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போ. பத்துப் படிதானே, மெதுவா இறங்கிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை காலை, பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து, அம்மா சொல்லியிருந்த பையை இறக்கினாள். நாற்பத்து மூன்று கடிதங்கள், தாள் பழுத்துப்போய், ஓரம் நேராக. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருக் கோடிக்குப் போனாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கடிதம் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது; அதை அவரிடமிருந்து எடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

சாவிக்கடை என்றால் ஒரு மேஜை, ஒரு மெஷின், பலகை நிறைய வெட்டாத சாவிகள். வகுப்புத் தோழி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏய், நீயா! ஆளே மாறிட்டே. அக்கா எங்கே? பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரமாச்சு, இன்னும் சாவிக்கு வரலையேன்னு நினைச்சேன்."

மகள் விஷயத்தைச் சொன்னாள். சாவிக்கடைப் பெண் மெஷினை நிறுத்தினாள்.

"அடக் கடவுளே. எவ்வளவு தடவை வந்திருக்காங்க. சாவியை வாங்கின உடனே போக மாட்டாங்க. அப்பா எப்படி இருக்காருன்னு கேப்பாங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு மறுபடி நிப்பாங்க. பேச்சுத்துணைக்கு வர்றாங்கன்னு நினைச்சேன்."

மகள் கடிதத்தை நீட்டினாள்.

"என்னது? கையெல்லாம் எண்ணெய். நீயே படி."

இதை மகள் எதிர்பார்க்கவில்லை. தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்க, பெயரைப் படித்தாள், மதிப்பெண்களைப் படித்தாள், கடைசி இரண்டு வரியையும் படித்தாள். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், பொத்தான், அப்பாவின் சட்டைப் பை என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

சாவிக்கடைப் பெண் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றாள் கடைசியில். "கையெழுத்து அழகுன்னு எழுதியிருந்துது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். டீச்சர் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கப்பா ரெண்டாவது வரியைத்தான் பிடிச்சுக்கிட்டாரு. 'சொன்னதைச் செய்வான்னு டீச்சரே எழுதிட்டாங்க, கடையில வந்து உக்காரு'ன்னாரு. உக்காந்தேன்."

"இது வந்திருந்தா படிக்க வெச்சிருப்பாரா?"

"அதை நான்தானே கேக்கணும்? எனக்குத்தானே கேள்வி கேக்கத் தெரியும்?" தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "முத்திரைகூட இல்லை."

"எங்கம்மாவுக்காக நான் உன்கிட்ட மன்னிப்பு..."

"நீ கேக்காதே," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நீ ஒண்ணும் பண்ணலை. கேக்க வேண்டியவங்க ஒன்பது தடவை இந்த இடத்துல வந்து நின்னாங்க. ஒன்பது தடவையும் ஒரு வார்த்தைக்குப் பதிலா ஒரு சாவி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க தர வேண்டியது அது. நீ தந்தா தீராது."

பெட்டியோடு ஒருவர் வந்து, பூட்டுச் சிக்கிக்கொண்டது என்றார். சாவிக்கடைப் பெண் கடிதத்தை மடிக்காமல் பலகைக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பூட்டின் துவாரத்துக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள்.